மணியின் நாக்கைக் கட்டியவன்

மூன்று மாதமாக யாரைக் கண்டாலும் ஒரே கதையைத்தான் கதைக்கிறேன். கந்தோரில் தேத்தண்ணி குடிக்கும்போதும் அதுதான், கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போதும் அதுதான். வீட்டுக்கு விரைந்து போகிற ஒருவன், வழியிலே வண்டுகள் கலங்கிவிடும் என்று தன் தேர்மணியின் நாக்கைக் கட்டிவைத்த கதை. அகநானூற்றின் 4ஆம் பாட்டு, குறுங்குடி மருதனார் பாடியது. என்ன பாட்டு! சொல்லி வேலையில்லை!

எனக்கு வீடு வெள்ளவத்தையில், வேலை கொட்டாஞ்சேனையில். காலையில் ரயில் ஏறினால் கொள்ளுப்பிட்டி வரைக்கும் இடது பக்கம் கடல்தான். தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற மாதங்களில் அலை கல்லில் மோதித் தெறித்து, யன்னலோரம் இருப்பவரின் முகத்தில் உப்புப் பூசும். கோட்டையில் இறங்கி, புறக்கோட்டைச் சனத்துக்குள் நடந்து, பஸ் எடுத்தால் கொட்டாஞ்சேனை. பின்னேரம் அதே பாதையில் திரும்பும்போது கடல் வலது பக்கம் வந்துவிடும், சூரியனும் இறங்கிக்கொண்டிருக்கும். வெள்ளவத்தையில் இறங்கினால் கால் வீட்டுப் பக்கம் திரும்பாது. அவ்வளவு வடிவு!

ஆனால் அம்மாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. நேரம் தவறாமல் மருந்து விடவேண்டும். ஆறரை மணி மருந்து என் பொறுப்பு. கடலைப் பார்த்து ஐந்து நிமிடம் நின்றாலும் நெஞ்சு உறுத்தும். நிற்காமல் வந்தால், எதையோ தவறவிட்ட கவலை இரவு முழுக்க இருக்கும்.

அப்போதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த ராபர்ட் ஃப்ரொஸ்டின் கவிதை ஒன்று ஞாபகத்துக்கு வரும். 1922இல் எழுதி 1923இல் வெளிவந்தது, பதினாறே வரி. பனி கொட்டுகிற மாலையில் ஒருவன் காட்டோரம் நின்று பார்க்கிறான். ஏன் நிற்கிறோம் என்று கேட்பதுபோலக் குதிரை தன் மணியைக் குலுக்குகிறது. அவனுக்கோ கொடுத்த வாக்குகள் இருக்கின்றன, போகவேண்டிய தூரமும் இருக்கிறது. நேரு தம் கடைசிக் காலத்தில் அதன் முடிவு வரிகளை எழுதிப் பக்கத்திலே வைத்திருந்தார். எனக்கும் உயிரான கவிதைதான். ஆனாலும் அந்த மாதங்களில் அந்தக் குதிரையின் மணி என்னைக் கண்டிப்பதுபோலவே கேட்டது. பார்த்தது போதும், நட என்று.

இந்த மனத்தோடுதான் ஒரு சனிக்கிழமை 57ஆம் ஒழுங்கைக்குள் நுழைந்தேன். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. அதன் நூலகத்தில் அகநானூற்றை எடுத்து, விரித்த பக்கத்தில் வாசிக்கத் தொடங்கினேன்.

மழை பெய்து நனைந்த காடு. முல்லை அரும்பு கூர்மையாக நுனி நீட்டியிருக்கிறது. தேற்றாவும் கொன்றையும் கட்டவிழ்கின்றன. முறுக்கிய இரும்பு போன்ற கொம்புடைய ஆண் இரலைகள் ஈரப் பள்ளங்களில் துள்ளுகின்றன. கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போனவன் வந்துவிடுவான் என்று தோழி தலைவிக்கு ஆறுதல் சொல்கிறாள். அவன் வருகிற வேகத்தைப் பாருங்கள்: இழுத்துப் பிடித்த கடிவாள வார் யாழ் நரம்பைப் போல ஒலிக்கிறது. அந்த வேகத்திலும் அவனுக்கு ஒன்று தெரிகிறது. பூத்த சோலையில் வண்டுகள் துணையோடு தங்கியிருக்கின்றன. மணி அடித்தால் அவை வெருளும். அதனால் மணியின் நாக்கைக் கட்டிவிட்டான்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அப்படியே இருந்துவிட்டேன். அவன் தேரை நிறுத்தவில்லை. மெதுவாக ஓட்டவுமில்லை. அவசரம் குறையவில்லை, ஓசை மட்டும்தான் குறைந்தது. ஃப்ரொஸ்டின் மணி மனிதனைக் காட்டிலிருந்து கடமைக்குக் கூப்பிடுகிறது. மருதனாரின் மணியை, காட்டில் இருக்கும் உயிருக்காக மனிதன் கட்டிவைக்கிறான். துணையிடம் போய்ச்சேரத் தவிக்கிறவனுக்குத்தான் துணையோடு இருக்கும் வண்டின் அருமை விளங்கும். வீட்டின் மேல் உள்ள அன்பும் வண்டின் மேல் உள்ள இரக்கமும் அவனுக்கு வேறு வேறு அல்ல.

இதை நினைத்துக்கொண்டே இலக்கணப் பக்கம் போனால் அங்கேயும் இதுதான் இருக்கிறது! இந்தப் பாட்டு முல்லைத் திணை. தொல்காப்பியத்தின்படி முல்லைக்கு நிலம் காடு, பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை, உரிப்பொருள் காத்திருத்தல். மழை பெய்தால் போனவன் திரும்பியாக வேண்டும். கணக்கு எழுதுகிற எனக்கு இது உடனே பிடிபட்டது: கொன்றை பூத்தால் தவணை முடிந்தது. கடமை எப்போது முடியவேண்டும் என்பதை அந்தக் காட்டில் பூதான் சொல்கிறது. பூவை ரசிக்கத் தெரியாதவனுக்கு வாக்கைக் காப்பாற்றும் நாளும் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை குறுந்தொகை. அதன் 189ஆம் பாட்டு ஈழத்துப் பூதன்தேவனாருடையது. அந்தப் பெயரில் சங்கத்தொகைகளில் ஏழு பாட்டுகள் உள்ளன: அகநானூற்றில் 3, குறுந்தொகையில் 3, நற்றிணையில் 1. நம்முடைய நாட்டின் பெயரைத் தாங்கிய புலவர்! வேலைக்காக அனுப்பப்பட்ட தலைவன் தேர்ப்பாகனிடம் பேசுகிறான். இன்றைக்கே போகவேண்டும், நாளைக்கு மாலை அவளிடம் வந்துவிடவேண்டும். ஏழே வரி. ஆனால் அதற்குள் வெண்ணிறத் தேர் மலையில் இறங்கும் அருவியாகிறது, சக்கரம் இளம்பிறையாகிறது, அது பசும்பயிரை அறுத்துக்கொண்டு ஓடுவது வானத்திலிருந்து விழும் கொள்ளியாகிறது. கடமைக்குக் கிளம்புகிற அவசரத்திலேயே மலையும் நிலவும் வானமும் அவன் வாய்க்குள் வந்துவிட்டன! தேரை விட்டு இறங்கி நின்று பார்க்க வேண்டிய தேவையே அவனுக்கு இல்லை.

இப்படி எழுத எப்படி முடிந்தது? புலவர்களின் பெயர்களைப் பாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். கூலவாணிகன் சாத்தனார் தானியம் விற்றவர். தங்கால் பொற்கொல்லனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார் என்று தொழிலையே பெயரில் சுமந்தவர்கள் எத்தனை பேர்! கடை திறந்து, பொன் உருக்கி, நோயாளியைப் பார்த்த கையால் எழுதிய பாட்டுகள் இவை. வேலைக்குப் போகிறவருக்கு இவை இவ்வளவு நெருக்கமாக இருப்பதில் வியப்பே இல்லை.

இப்போது ரயிலில் யன்னலோரம் கிடைத்தாலும் சரி, கதவோரம் நின்றாலும் சரி, எனக்குக் கொண்டாட்டம்தான். கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயத்து மணி கேட்டால் உள்ளே ஒரு தேர் ஓசையில்லாமல் கடந்து போகிறது. வாசிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். அகநானூற்றில் 400 பாட்டும் ஒரு ஒழுங்கில் அடுக்கப்பட்டவை. 4, 14, 24 என்று நாலில் முடிகிற எண்கள் எல்லாம் முல்லை. 10, 20, 30 என்று பத்துப் பத்தாக வருபவை நெய்தல், அதாவது கடற்கரை. ஒவ்வொன்றிலும் 40 பாட்டு. வெள்ளவத்தைக்காரருக்கு நெய்தல் சொந்த வீடு, வேலை முடிந்து திரும்புகிற எல்லோருக்கும் முல்லை சொந்த வீடு. ஒரு நாளைக்கு ஒரு பாட்டு போதும், உரையோடு வாசியுங்கள். பத்தாவது நாள் நீங்களும் என்னைப் போல ஆள் பிடித்துக் கதைப்பீர்கள்!

போன கிழமை ஒரு பின்னேரம். பம்பலப்பிட்டி தாண்டியதும் மேகத்துக்குக் கீழே சூரியன் வெளிவந்து, கடலில் ஒரே ஒரு கோடு மட்டும் செம்பு நிறமாக ஓடியது. பார்த்தபடியே வந்தேன், இறங்கினேன், நேரே நடந்தேன். வீட்டுக் கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன், அம்மா கண்ணயர்ந்திருப்பார் என்று. அவர் முழித்துத்தான் இருந்தார். தலையை நிமிர்த்தி மருந்து விட்டேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்: "பிள்ளை, இண்டைக்குக் கடல் என்ன நிறம்?"

செம்புக் கோட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். சுவரிலே மணி ஆறரை.