துளையட்டையும் எட்டில் ஒரு பங்கு இரத்தமும்

கணிப்பொறியின் வரலாற்றைச் சொல்பவர்கள் அதை ஒரு வம்சாவளியாகவே சொல்லிப் பழகிவிட்டார்கள். பிரான்சில் ஜக்கார்டு 1804 வாக்கில் தறியில் பூ விழுவதற்குத் துளை போட்ட அட்டைகளைப் பயன்படுத்தினார். இங்கிலாந்தில் பாபேஜ் அதைத் தன் கணக்கு இயந்திரத்திற்கு யோசித்தார், செய்து முடிக்கவில்லை. அமெரிக்காவில் ஹெர்மன் ஹாலரித் 1890 சென்சஸில் ஓட்டிக் காட்டினார். அவருடைய கம்பெனி 1911இல் வேறு கம்பெனிகளோடு இணைந்து, 1924இல் ஐ.பி.எம். என்று பெயர் மாற்றிக்கொண்டது. அப்பன், பிள்ளை, பேரன். இலக்கிய வரலாற்றைப் பரீட்சைக்காக உருப்போட்ட என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கதையாடல் புதுசில்லை. யார் யாருக்குப் பின் வந்தார் என்பது தெரியும். என்ன எழுதினார் என்று கேட்டால் முழிப்போம். முதல் சென்சஸ் அட்டையில் என்னதான் துளைக்கப்பட்டது என்ற கேள்வியும் இப்படித்தான் விடுபட்டுப் போகிறது.

ஹாலரித் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் நினைவுகூர்வது தறியை இல்லை, ரயிலை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பயணம் செய்தபோது, கண்டக்டர் டிக்கெட்டின் ஓரத்தில் பயணியின் அங்க அடையாளங்களைத் துளை போட்டுக் குறிப்பதைப் பார்த்திருக்கிறார். முடி என்ன நிறம், கண் என்ன நிறம், மூக்கு பெரிசா சிறிசா. ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் ஏறிவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. இதேபோல் ஒவ்வொரு ஆளையும் துளைகளால் படம் பிடித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. சென்சஸில் அவருக்கு மேலே இருந்த ஜான் ஷா பில்லிங்ஸ் எண்ணுவதற்கு ஒரு இயந்திரம் வேண்டும் என்று சொன்னதும் உண்டு. ஆனாலும் ஆளைச் சந்தேகப்படுகிற வேலையிலிருந்து இந்த அட்டை பிறந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

தேவை உண்மையானதுதான். 1880 கணக்கெடுப்பைக் கூட்டி முடிக்கவே ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. 1888இல் மூன்று முறைகளுக்குள் போட்டி வைத்தார்கள். விவரங்களைப் பதிய மற்ற இருவருக்கும் 100 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, ஹாலரித்துக்கு 72½. அட்டவணைப்படுத்த அவர்களுக்கு 44½, 55½ மணி நேரம். ஹாலரித் ஐந்தரை மணி நேரத்தில் எழுந்துவிட்டார்.

இயந்திரம் எளிமையானது, அழகானதும்கூட. அட்டையை ஒரு தட்டின்மேல் வைத்துக் கைப்பிடியை இழுத்தால், மேலிருந்து ஸ்பிரிங் ஊசிகள் இறங்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி முட்டி நின்றுவிடும். துளை இருந்தால் கீழே சின்னக் கிண்ணத்திலுள்ள பாதரசத்தைத் தொடும், மின்சுற்று கூடும், எதிரே கடிகாரம்போல் அடுக்கியிருக்கும் 40 முகப்புகளில் அதற்குரியதில் முள் ஒரு படி நகரும், மணி அடிக்கும். பக்கத்திலிருக்கும் பெட்டியில் ஒரு அறையின் மூடி தானே திறந்துகொள்ளும், அட்டையை அதில் போட வேண்டியது. இப்படி நாள் முழுக்க. பஞ்ச் அடித்தவர்களில் பெண்கள் கணிசமானவர்கள். அந்த அலுவலகத்தைப் பற்றி ஒரு கதை உண்டு: யாரோ சொட்டுக்குழாயால் கிண்ணத்துப் பாதரசத்தை உறிஞ்சி எச்சில் படிக்கத்தில் விட்டுவிடுவார்களாம். மெக்கானிக் வந்து சரி செய்யும்வரை கொஞ்சம் மூச்சு விடலாமே! வம்சாவளியில் இவர்களுக்கு இடமில்லை.

மணி அடிக்காவிட்டால் அட்டையில் ஏதோ கோளாறு என்று எடுத்து வைத்துவிடுவார்கள். ஆக, இயந்திரம் அட்டையைச் சரிபார்த்தது. அட்டைக்கு முன்னால் நடந்ததை யார் சரிபார்த்தார்கள்?

1889 சட்டப்படி அந்தக் கணக்கெடுப்பில் கறுப்பர்களை நான்காகப் பிரிக்க வேண்டும். முக்கால் பங்கோ அதற்கு மேலோ கறுப்பு இரத்தம் என்றால் கறுப்பர். எட்டில் மூன்று முதல் ஐந்து பங்குவரை மூலாட்டோ. கால் பங்கு குவாட்ரூன். எட்டில் ஒரு பங்கோ, ஏதேனும் ஒரு சாயலோ இருந்தால் ஆக்டோரூன். தலைக்கு இத்தனை சென்ட் என்று கூலி வாங்கிக்கொண்டு வாசலில் நின்ற கணக்கெடுப்பாளர், எதிரே நிற்பவரின் பாட்டியினுடைய அப்பா யார் என்பதை முகத்தைப் பார்த்து எப்படிய்யா கண்டுபிடிப்பார்? குத்துமதிப்பாக எழுதினார். பஞ்ச் அடிப்பவர் அதைப் பார்த்து உரிய கட்டத்தில் துளை போட்டார். ஊசி இறங்கியது, மணி அடித்தது. மூலாட்டோக்கள் 9,56,989. குவாட்ரூன்கள் 1,05,135. ஆக்டோரூன்கள் 69,936.

இந்த 69,936 என்ற எண்ணின் முன்தான் நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசி இலக்கம்வரை எவ்வளவு உறுதி! சென்சஸ் அலுவலகமே பின்னர் இந்த எண்களுக்கு அதிக மதிப்பில்லை என்று ஒப்புக்கொண்டது. 1900இல் பிரிவினையையும் கைவிட்டது. சுவடிப் பதிப்பில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓலையில் எழுத்து ஐயமாக இருந்தால் பாடபேதத்தை அடியில் தருவோம், சிதைந்த இடத்தில் புள்ளி வைப்போம். துளையட்டையில் பாடபேதத்துக்கு வழி இல்லை. ஐயத்தோடு போட்ட துளையும் உறுதியாகப் போட்ட துளையும் ஊசிக்கு ஒன்றுதான். வாசல்படியில் ஊகமாக இருந்தது முகப்பில் உண்மையாகிவிடுகிறது. இயந்திரம் நடுநிலையானது, பயன்படுத்துவோர்தான் கெட்டவர்கள் என்பவர்களும் சரி, இயந்திரமே தீமை என்பவர்களும் சரி, இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாஜி ஜெர்மனியில் ஐ.பி.எம்.மின் கிளை நிறுவனம் செய்த வேலையை எட்வின் பிளாக் 2001இல் புத்தகமாக்கியபின் விவாதமெல்லாம் அந்தப் பக்கமே திரும்பிவிட்டது. கொலைக்கு உதவாத காலத்திலும் அட்டை என்ன செய்தது என்பது என் கேள்வி.

இங்கே ஃபூக்கோவைத் துணைக்கழைத்து ‘எண்ணுவதே அதிகாரம்’ என்று முடித்துவிடலாம். நம் நண்பர்கள் பலர் அப்படித்தான் செய்வார்கள். சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவன் நான். என்னால் அவ்வளவு சுளுவாக முடிக்க முடியவில்லை.

ஃபிரெடரிக் ஹாஃப்மன் என்ற காப்பீட்டுக் கம்பெனிப் புள்ளியியலாளர் 1896இல் ஒரு புத்தகம் எழுதினார். 1890 கணக்கெடுப்பையும் இறப்பு விகிதங்களையும் காட்டி, கறுப்பர்கள் இயல்பிலேயே நலிந்தவர்கள், அழிந்துகொண்டிருப்பவர்கள் என்று நிறுவினார். ஆகவே அவர்களைக் காப்பீடு செய்வது நஷ்டம். அடுத்த வருஷமே டுபாய்ஸ் அதற்கு மதிப்புரை எழுதினார். எண்களைத் தூக்கி எறியவில்லை அவர். நேப்பிள்ஸ், பெல்ஃபாஸ்ட், மாட்ரிட் நகரங்களின் இறப்பு விகிதத்தைப் பக்கத்தில் வைத்தார். அங்கேயும் இதே அளவு சாகிறார்கள், அந்த இனங்கள் அழியப்போகின்றன என்று யாரும் சொல்லக் காணோமே! 1900 பாரிஸ் கண்காட்சிக்கு அவரும் அவருடைய மாணவர்களும் ஜார்ஜியாக் கறுப்பர்களின் நிலம், தொழில், எழுத்தறிவு எல்லாவற்றையும் வண்ணப் படங்களாக வரைந்து அனுப்பினார்கள். அதற்கும் சென்சஸ் எண்கள் வேண்டியிருந்தன. கட்டங்களை வகுத்தது அவர்கள் கையில் இல்லை. எந்தக் கட்டத்தை எதனோடு ஒப்பிடுவது என்பது கையில் இருந்தது. எண்ணுங்கள் என்று கேட்பவர்கள், கட்டம் வகுக்கிற மேசையிலும் இடம் கேட்டாக வேண்டும் என்று எனக்குப் படுகிறது. 1889இல் அந்த மேசையில் எந்த ஆக்டோரூனும் உட்காரவில்லை.

1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. 1890இல் வீடு வீடாக எழுதிய படிவங்களில் பெரும்பகுதி கருகியும் தண்ணீரில் ஊறியும் போயிற்று. மிச்சத்தையும் 1930களில் அரசாங்கமே அழித்தது. ஆறு கோடிச் சொச்சம் பேரில் சில ஆயிரம் பேரின் பெயர்கள் கந்தல் தாள்களில் தப்பியிருக்கின்றன. அட்டவணைகள் முன்பே அச்சாகிவிட்டதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.