‘தி கிங்ஸ் ஸ்பீச்’: மன்னரின் திக்கலும் நம் வகுப்பறையும்

திக்கிப் பேசுவது என்றாலே நம் படங்களில் பெரும்பாலும் நகைச்சுவைதான். டாம் ஹூப்பர் இயக்கி 2010-இல் வெளிவந்த ‘தி கிங்ஸ் ஸ்பீச்’ அதற்கு மாறானது. பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜும் அவருடைய பேச்சுப் பயிற்சியாளர் லயனல் லோக்கும்தான் கதை. திரைக்கதை எழுதிய டேவிட் சைட்லரும் சிறுவயதில் திக்கிப் பேசியவர். ஒலிபெருக்கி முன் சொல் வராமல் மன்னர் தவிக்கும் தொடக்கக் காட்சியிலேயே அந்த அனுபவம் தெரிகிறது. சுற்றி நிற்பவர்களின் சங்கடமான முகங்கள் அவர் வலியை இன்னும் கூட்டுகின்றன.

காதில் உரத்த இசையை ஒலிக்கவிட்டு வாசிக்க வைக்கும் காட்சி வெறும் சினிமா வித்தை அல்ல. தன் குரல் தனக்குக் கேட்காதபோது பலருக்குத் திக்கல் குறையும். பாடும்போதும் அப்படித்தான். ஆனால் இசை நின்றதும் திக்கல் திரும்பிவிடும். சிகிச்சையின் பெரிய சவாலே இதுதான்: பயிற்சி அறையில் வந்த சரளம் மேடையிலும் தொலைபேசியிலும் நிலைக்க வேண்டும்.

படத்தில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, தந்தையின் கண்டிப்பும் இளமைத் துயரங்களும்தான் திக்கலுக்குக் காரணம் என்பதுபோல் கதை நகர்கிறது. மூளை வளர்ச்சிக்கும் மரபணுக்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு என்பதே இன்றைய அறிவியல். இதை அறியாவிட்டால் பெற்றோர் வீணாகக் குற்ற உணர்வில் வாடுவார்கள். இரண்டு, பயிற்சி உண்மையில் 1926-இலேயே தொடங்கியது. 1927-இல் கான்பராவில் அவர் நன்றாகவே உரையாற்றினார். படமோ எல்லாவற்றையும் 1939 போர் உரையை நோக்கியே நகர்த்துகிறது. பல ஆண்டு உழைப்பு ஒரே இரவின் வெற்றிபோல் தோன்றுகிறது.

எனினும் முடிவு நேர்மையானது. மன்னர் ‘குணமாகவில்லை’, திக்கலோடு பேசி முடிக்கிறார். எதிரே லோக் அவசரப்படாமல் நிற்கிறார்.

வாய்மொழித் தேர்வுக்கு மாணவரைத் தயார்ப்படுத்தும் நமக்கு இங்கே பாடம் இருக்கிறது. “பயப்படாம மெதுவா பேசுப்பா” என்கிறோம். அவன் முடிக்குமுன் நாமே சொல்லை எடுத்துக் கொடுக்கிறோம். நல்ல எண்ணந்தான், ஆனால் அது அவன் வாயை மேலும் கட்டிப்போடும். சொல் வரும்வரை அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருப்போம். எப்படிச் சொன்னான் என்பதைவிட என்ன சொன்னான் என்பதற்குப் பதில் கொடுப்போம். சிகிச்சை நிபுணரின் வேலையை நாம் செய்ய முடியாது. நல்ல கேட்பவராக இருக்க முடியும்.