நாலு எழுத்தில் ஃபோல்டர் மாற

விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் சி டிரைவில் இருந்தபடி ‘சிடி டி:\கணக்கு’ என்று அடித்தால் பிழைச் செய்தி வராது, இடமும் மாறாது. ஒவ்வொரு டிரைவுக்கும் தனி நடப்பு ஃபோல்டர் வைத்திருப்பது டாஸ் காலத்து ஏற்பாடு. டி டிரைவின் நடப்பு ஃபோல்டர் மாறியிருக்கும், ஆள் மட்டும் சி-யிலேயே நிற்பார். ‘/டி’ சேர்த்தால்தான் டிரைவும் மாறும்.

நீளமான பாதையை அடிக்கும் சிரமத்தை டாஸ் காலத்திலேயே குறைத்தது நார்ட்டன் யுட்டிலிட்டீஸின் என்சிடி. வட்டை ஒருமுறை அலசி, ஃபோல்டர்களின் பட்டியலை ஒரு கோப்பில் எழுதிக்கொள்ளும். பிறகு பெயரின் முதல் சில எழுத்துகள் போதும். ஆனால் வேறு வழியில் உருவான புது ஃபோல்டர், மறுபடி அலசும்வரை அதற்குத் தெரியாது.

இதே வேலையைச் செய்யும் இன்றைய கருவியான ஸாக்சைடு அலசுவதே இல்லை. போய்வந்த இடங்களை மட்டும் நினைவில் வைக்கும். வருகை கூடக்கூட மதிப்பெண் கூடும். அதன் கணக்குதான் அருமை. கடைசி வருகை ஒரு மணி நேரத்துக்குள் என்றால் மதிப்பெண் 4 மடங்கு, ஒரு நாளுக்குள் 2 மடங்கு, ஒரு வாரத்துக்குள் பாதி, அதற்கும் பழசென்றால் கால் பங்கு. ‘அறிக்கை’ என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர் இருந்தால், ஸாக்சைடின் ‘இசட்’ கட்டளையோடு ‘இசட் 2024 அறிக்கை’ என்று அடிக்கலாம். சொற்கள் பாதையில் அதே வரிசையில் வர வேண்டும், கடைசிச் சொல் கடைசி ஃபோல்டரின் பெயரில் இருக்க வேண்டும். பவர்ஷெல்லில் டிரைவ் தாண்டியும் ஒரே தாவலில் போய்விடும்.