தோடியை நின்று கேட்டவர்கள்

கானாவும் கேட்கிறேன், காம்போதியும் கேட்கிறேன் என்று சொல்லிக்கொள்வது படித்த நகரவாசிக்கு இன்று ஒரு பெருமை. எல்லார் கைப்பேசியிலும் எல்லாப் பாட்டும் கிடைக்கிறது, ஆகவே ரசனையில் இருந்த மேல்கீழ் கரைந்துவிட்டது என்று பண்பாட்டுக் கட்டுரைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இது தவறு.

இந்த வாதத்தின் வேர், ரிச்சர்ட் பீட்டர்சனும் ரோஜர் கெர்னும் 1996-இல் எழுதிய ஆய்வு. அமெரிக்காவில் உயர்ந்த ரசனை உள்ளவர்கள் மற்ற இசைகளையும் முன்னைவிட அதிகமாக விரும்பத் தொடங்கிவிட்டார்கள் என்று அவர்கள் கண்டார்கள். அதே ஆண்டு, அதே ஆய்விதழில் பெத்தனி பிரைசன் எழுதியதை நம்மவர்கள் கண்டுகொள்வதில்லை. படித்தவர்கள் பலவகை இசைக்கு இடம் கொடுக்கிறார்கள் என்பதை அவரும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவர்கள் வேண்டாம் என்று தள்ளுவது ராப், ஹெவி மெட்டல், கன்ட்ரி, காஸ்பல். குறைவாகப் படித்தவர்கள் விரும்பிக் கேட்கும் இசைகள் இவைதாம்.

ரசனையை வர்க்கத்தோடு சேர்த்துப் பார்க்கும் பேச்சைச் சமூகவியலில் வெப்லன் 1899-இல் தொடங்கி வைத்தார்; அதை பியர் பூர்தியூ 1979-இல் ஒரு பெருநூலாக்கினார். பாக்கின் கிளாவியர் இசையையும் 'புளூ டான்யூப்' வால்ட்ஸையும் விரும்புகிறவர்கள் எந்தெந்த வர்க்கம், எவ்வளவு படித்தவர்கள் என்று பிரெஞ்சுக்காரர்களிடம் கேட்டுக் கணக்கெடுத்த நூல் அது. நம் பல்கலைக்கழகங்களில் அதை அப்படியே தூக்கிவந்து தமிழ்நாட்டின் மேல் போர்த்துகிறார்கள். சாதியை விட்டுவிட்டு இங்கே வர்க்கத்தைப் பேச முடியாது என்பது அவர்களுக்கு உறைப்பதே இல்லை.

இங்கே உருப்படியாக நடந்த வேலை சபாக்களைப் பற்றியது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு இசை மாநாடும் நடந்தது. அடுத்த ஆண்டு மியூசிக் அகாடமி பிறந்தது. தஞ்சை அரண்மனையில் இருந்த இசை எப்படி வக்கீல்களும் அதிகாரிகளும் டிக்கெட் வாங்கி உட்காரும் அரங்குக்கு வந்தது என்பதை லக்ஷ்மி சுப்பிரமணியனும், பாடும் குரலே எப்படி மாறியது என்பதை அமண்டா வைட்மனும் 2006-இல் வந்த தத்தம் நூல்களில் எழுதினார்கள். இரண்டும் நல்ல நூல்கள். ஆனாலும் இரண்டும் அரங்குக்கு உள்ளேயே நின்றுவிடுகின்றன.

அரங்குக்கு வெளியே இருந்தது நாகஸ்வரம். சுவாமி புறப்பாட்டில் மல்லாரி வாசித்து, வீதி முனையில் நின்று, விடியும்வரை ஒரே ராகத்தை விரித்துக்கொண்டே போவார்கள். உழவரும் தச்சரும் கடைக்காரரும் நின்றபடியே கேட்பார்கள். எது நல்ல தோடி என்று அவர்களுக்குத் தெரியும். இந்தக் கூட்டத்துக்குத்தான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வாசித்தார். மேல்துணியை இடுப்பில் கட்டி, வெற்றுடம்போடு, நின்று வாசிப்பதுதான் நாகஸ்வரக்காரருக்கு விதித்த வழக்கம். அவர் கிராப் வைத்தார், கோட்டுப் போட்டார், மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார், சுருதி பிடிக்கும் ஒத்துக்குப் பதிலாகத் தம்பூராவைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் பாட்டுக்காரருக்கு இருந்த மரியாதையைத் தனக்கும் கேட்ட செயல். அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. சபாக்களில் அவருடைய வாத்தியத்துக்கு மிஞ்சியது தொடக்க நாள் மங்கள இசை.

அந்த உலகத்தை ஒவ்வொரு வித்வானாக, அவரவர் ஊர், குரு, சீடர், வாசிப்பின் தனித்தன்மை என்று பதிவுசெய்தவர் பி.எம். சுந்தரம். தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மகன். 'மங்கல இசை மன்னர்கள்' இல்லாவிட்டால் பல பெயர்கள் நமக்கு எஞ்சியிருக்காது. பூர்தியூவை மேற்கோள் காட்டும் கருத்தரங்கக் கட்டுரைகளில் இந்த நூலுக்கு ஓர் அடிக்குறிப்புக்கூடக் கிடைப்பதில்லை. எனக்கு இதில் ஆறாத வருத்தம்.

தமிழ்நாட்டு இசை ரசனையின் பிந்தைய கட்டங்கள் ஓரளவு தெரிந்தவை. 1940-களில் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கி, கல்கி எழுத்தால் தாங்கிய தமிழிசை இயக்கம் பெரிய காரியம். ஆனால் சண்டை பெரும்பாலும் பாட்டின் மொழியைப் பற்றியே நடந்தது, கேட்பவர் யார் என்பதைப் பற்றி அல்ல. 1952-இல் ஒலிபரப்பு மந்திரி கேஸ்கர் காலத்தில் வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு விரட்டப்பட்டபோது ஜனங்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பிக்கொண்டார்கள். 1976-இல் இளையராஜா இசையமைத்த முதல் படம் 'அன்னக்கிளி' வந்தது.

அண்மையில் திசை மாற்றியது பாடகர் டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020). மிருதங்கத்துக்குப் பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும். அதைப் பதப்படுத்தி, வார் இழுத்து, நாதம் சேர்த்துத் தரும் தலித் கிறிஸ்தவத் தொழிலாளர்களின் காது எவ்வளவு நுட்பமானது என்று அந்த நூல் காட்டுகிறது. வெளியீட்டுக்கு இடம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா பின்வாங்கியது. ரசனையில் மேல்கீழ் போய்விட்டது என்பவர்கள் இந்த ஒரு நிகழ்ச்சியையாவது விளக்க வேண்டும்.

கானாவுக்கும் இதே கேள்விதான். 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு 2018-இல் மேடையேறியபின் கானாவைக் கொண்டாடும் கட்டுரைகள் குவிகின்றன. சாவு வீட்டில் இரவெல்லாம் உட்கார்ந்து கேட்கிறவர் எந்தப் பாடகரை மெச்சுகிறார், எவரைத் தள்ளுகிறார், ஏன் என்று அவற்றில் ஒன்றும் விசாரிப்பதில்லை. வடசென்னையில் அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கிறார்கள். தஞ்சை வீதிகளில் தோடியை நின்று கேட்டவர்களை நாம் யாரும் போய்க் கேட்கவில்லை. இவர்களையாவது இப்போதே போய்க் கேட்க வேண்டும்.