கலகத்துக்கு முந்தைய பக்கங்கள்: கொல்லிமலை நாவலை எப்படி ரசிப்பது?

கொல்லிமலை என்றதும் நினைவுக்கு வருகிறவர் வல்வில் ஓரி. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு பேசும் வள்ளல். செம்மேட்டில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆடிப்பெருக்கை ஒட்டி அரசே விழா எடுக்கிறது. வரலாற்று நாவல் என்றாலும் நமக்கு இப்படி ஓர் அரசனும் வில்லும் குதிரையும் வேண்டியிருக்கிறது.

கு. சின்னப்ப பாரதி 1980-களில் எழுதிய 'சங்கம்' நாவலும் இதே மலையில்தான் நடக்கிறது. அதில் அரசன் கிடையாது. மலையாளிப் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள் (பெயரைப் பார்த்துக் கேரளம் என்று எண்ண வேண்டாம்; இவர்கள் பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்பது இவர்களின் மரபுக் கதை). அவர்களைச் சுரண்டுகிறவர்களும், அதை எதிர்த்துத் திரளும் ஓர் அமைப்பும் உண்டு. நான் இதை வரலாற்று நாவல் வரிசையில்தான் வைப்பேன்.

இந்த மாதிரி நாவலைக் கையில் எடுக்கும் பலர் போராட்டம் எப்போது வெடிக்கும் என்றே பக்கங்களைத் தள்ளுகிறார்கள். அப்படி வாசித்தால் பாதிக்குமேல் நழுவிப்போகும். இத்தகைய கதையின் உயிர் கலகத்துக்கு முந்தைய பக்கங்களில் இருக்கிறது.

அந்தப் பக்கங்களைத் திறக்க மலையின் பொருளாதாரம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1882-இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாகக் கொத்திச் சாமையும் கேழ்வரகும் விதைத்த காட்டில் பல பகுதிகள் அதன்பின் 'ரிசர்வ்' ஆயின. விறகு எடுத்தாலும் மாடு மேய்த்தாலும் 'கேஸ்' என்ற பயம் வந்தது. சமவெளியிலிருந்து உப்பும் துணியும் வரவேண்டும். கையில் காசில்லை, அதனால் கடன். கடன் கொடுத்தவரே விளைச்சலுக்கு விலை வைப்பார். அறுவடைக்கு முன்பே அது அவருடையதாகிவிடும். மலையிலிருந்து சுமை இறக்கியவருக்குப் பேரம் படியாவிட்டால் திரும்பவும் வழியில்லை, அத்தனை சுமையையும் திரும்ப ஏற்ற முடியுமா? எடுத்துவந்த பலாவும் வாழையும் காத்திருக்கவும் செய்யாது.

ஆகவே கொடுக்கல் வாங்கல் வரும் இடங்களில் நிதானியுங்கள். விலை சொல்வது யார்? நிறுப்பது யார்? கணக்கு எழுதுகிறவர் ஒருவர், கைநாட்டு வைப்பவர் இன்னொருவர் என்றால் அந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் வர்க்கம் இருக்கிறது. கெட்டவன் அடிப்பதும் ஏசுவதும் எந்தச் சினிமாவிலும் கிடைக்கும். அடிக்காமலே, சிரித்துப் பேசியே, ஒரு குடும்பத்தின் நிலம் கைமாறுவதை எழுதத்தான் நாவலாசிரியர் வேண்டும்.

மலைக்குள்ளும் மேடு பள்ளம் உண்டு. கொல்லிமலை பல 'நாடு'களாகப் பிரிந்தது. ஊருக்குப் பெரியதனக்காரர்கள் உண்டு, பழைய வழக்குகள் உண்டு. புதிதாக ஓர் அமைப்பு வரும்போது அந்தப் பழைய அதிகாரம் எந்தப் பக்கம் சாயும் என்ற கேள்வியோடு வாசித்தால் 'ஏழை எதிர் பணக்காரன்' என்ற எளிய கோடு கலைந்துவிடும்.

கூட்டத்தை எழுத்தாளர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதையும் கவனியுங்கள். டிக்கன்ஸ் 1859-இல் எழுதிய 'இரு நகரங்களின் கதை'யில் பாரிஸ் மக்கள் பசியால் வாடும்வரை அவருக்கு அவர்கள்மேல் இரக்கம். ஆயுதம் எடுத்ததும் அச்சம் வந்துவிடுகிறது. பிரெஞ்சுப் புரட்சி நடந்து எழுபது ஆண்டுக்குப் பின், கடலுக்கு அந்தப் பக்கம் லண்டனில் இருந்து எழுதியவர் அவர். சின்னப்ப பாரதி நாமக்கல் வட்டாரத்துக்காரர், இடதுசாரி இயக்கத்தில் விவசாயிகளோடும் மலைமக்களோடும் வேலை செய்தவர். கூட்டத்துக்குள்ளேயே நின்றவருக்கு அது புயலாகத் தெரியாது. இன்னார், இன்னாருடைய மகன் என்றுதான் தெரியும். இதற்கு ஒரு விலையும் உண்டு. சில உரையாடல்களில் மேடைப் பேச்சு தலைகாட்டுகிறது. அங்கே நான் வேகமாகக் கடந்துவிடுவேன், நீங்களும் கடக்கலாம், பாவமில்லை.

பக்கத்தில் வைத்து வாசிக்க இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' பொருத்தமானது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை அடியாகக் கொண்ட நாவல்; 1977-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. பண்ணையாரின் வன்முறைக்கு அவருடைய ஆண்மைக் குறையில் ஒரு வேர் தேடியதற்காக இடதுசாரி விமர்சகர்கள் அந்த நாவலோடு சண்டையிட்டார்கள். இந்திரா பார்த்தசாரதி காரணத்தை மனிதனின் மனத்தில் தேடுகிறார், சின்னப்ப பாரதி கணக்கு நோட்டில் தேடுகிறார். என் சாய்வு இரண்டாவது பக்கம். ஆனால் பண்ணையாரை ஒரு மனிதராக நினைவில் வைத்திருப்பது 'குருதிப்புனல்'தான் என்பதையும் மறுக்க முடியாது.

முடிந்தால் நாவலை முடித்தபின் மலைக்குப் போய்வாருங்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆகாய கங்கை அருவியோடு திரும்பிவிடாமல் சோளக்காடு சந்தையிலும் கொஞ்சம் நில்லுங்கள். சாமையும் தினையும் விளைந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று மரவள்ளிக்குப் போய்விட்டது. கிழங்கு கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குகிறது. விலையை யார் வைக்கிறார்கள் என்ற பழைய கேள்வியை அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாம் வாசிப்பில் ஆட்கள் கூடிப் பேசும் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வாய் திறப்பது யார், பெண்கள் எப்போது பேசுகிறார்கள், கடைசிவரை பேசாமல் உட்கார்ந்திருப்பவர் எவர் என்று பாருங்கள். பிடித்துப்போனால் நிலமற்ற விவசாயிகளைப் பற்றிய அவருடைய 'தாகம்' அடுத்தது. ஆலைத் தொழிலாளர்களின் கதையான 'சர்க்கரை' அதற்கும் அடுத்தது.