கொர்தோபாவின் தூண்களிடையே

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில், குவாதல்கிவிர் ஆற்றங்கரையில், கொர்தோபா மறைமாவட்டத்தின் பேராலயம் நிற்கிறது. அன்னை மரியாவின் விண்ணேற்புக்கு நேர்ந்தளிக்கப்பட்ட ஆலயம் அது. இன்றும் அங்கே திருப்பலி நிறைவேற்றப்படுகிறது. ஆயினும் உலகம் அதனை ‘மெஸ்கீத்தா’, அதாவது பள்ளிவாசல் என்றே அழைக்கிறது. அவ்வழக்கைத் தவறென்று சொல்ல நமக்கு நா எழவில்லை. ஏறக்குறைய 180 மீட்டர் நீளமும் 130 மீட்டர் அகலமும் கொண்ட அக்கட்டடத்துள் நுழைபவர் முதலில் காண்பது பீடத்தை அன்று, தூண்களை. 850க்கும் மேற்பட்ட தூண்கள், அவற்றின்மேல் சிவப்பும் வெண்மையும் மாறிமாறி ஓடும் இரட்டை வளைவுகள். எந்தப் பக்கம் திரும்பினும் ஒரே காட்சி. ஆனால் ஓரடி நகர்ந்தால் காட்சி முழுதும் மாறிவிடுகிறது.

முதலாம் அப்துர் ரஹ்மான் இதனைக் கட்டத் தொடங்கியது 785-86ஆம் ஆண்டுகளில். அதற்குமுன் அவ்விடத்தில் புனித வின்சென்ட் ஆலயம் இருந்ததென்றும், அதனைக் கிறிஸ்தவரிடமிருந்து விலைகொடுத்து வாங்கி இடித்தே பள்ளிவாசல் எழுப்பப்பட்டதென்றும் அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்தனர். அவ்வாலயத்தின் உருவமும் பரப்பும் பற்றி அகழாய்வாளரிடையே வாதம் இன்னும் ஓயவில்லை. ஐயத்துக்கு இடமில்லாதது ஒன்றுண்டு. உரோமையரும் விசிகோத்தியரும் எழுப்பிய பழங்கட்டடங்களின் தூண்களே இங்கு மறுபிறவி எடுத்தன. அவை கூடத்தின் பரப்புக்கு ஏற்ற உயரமற்றவை. ஆகவே கொத்தர்கள் வளைவின்மேல் வளைவு ஏற்றிக் கூரையை உயர்த்தினர். மேரிதா நகரின் உரோமைக் கால்வாய்ப் பாலத்தைக் கண்டே இவ்வுத்தி பிறந்திருக்கலாம் என்பர் அறிஞர். கீழ் வளைவின் குதிரைலாட வடிவத்தை நாம் பார்த்தவுடன் ‘இஸ்லாமியக் கலை’ என்போம். ஆனால் அராபியர் வருமுன்பே ஸ்பெயின் நாட்டுக் கிறிஸ்தவ ஆலயங்களில் அவ்வடிவம் வழங்கிற்று.

அடுத்து வந்த அரசர்கள் கூடத்தை விரித்தார்கள். அவர்களுள் இரண்டாம் அல்ஹக்கம் 960களில் எழுப்பிய பகுதியே சிகரம். மெக்காத் திசையைக் காட்டும் மாடமாகிய மிஹ்ராபு மற்றப் பள்ளிகளில் சுவரில் ஒரு குழிவாகவே அமையும். இங்கோ அது எண்கோணச் சிற்றறையாக ஆழ்ந்து, சிப்பிபோல் விரிந்த கூரையைத் தாங்குகிறது. அதன் முகப்பில் நீலமும் பொன்னும் இழைந்த பதிகல் ஓவியம். அந்தச் சில்லுகளும் அவற்றைப் பதிக்கும் வல்லுநரும் கான்ஸ்தாந்திநோபிளின் கிறிஸ்தவப் பேரரசர் அனுப்பிவைத்தவை எனப் பழம் பதிவுகள் கூறுகின்றன. கிறிஸ்தவத் திருவுருவங்களைத் தீட்டி வளர்ந்த கலை, இங்கே உருவம் எதுவுமின்றி, திருக்குர்ஆன் எழுத்துகளைச் சூழ்ந்து கொடியாகப் படர்ந்திருக்கிறது.

அல்மன்சூரின் விரிவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 987 அளவில் தொடங்கிய அது பரப்பில் மிகப் பெரியது. முன்னையோர் செங்கல்லையும் கல்லையும் மெய்யாகவே அடுக்கிப் பெற்ற நிறத்தை இவன் கல்லின்மேல் வண்ணம் பூசிப் பெற்றான். அவசரம் தெரிகிறது. இதே அல்மன்சூர்தான் 997இல் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவைத் தாக்கி, திருத்தூதர் யாக்கோபு ஆலயத்தின் மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோளேற்றிக் கொர்தோபாவுக்குக் கொணர்ந்தான் என்பது வரலாறு தரும் செய்தி. அவை பள்ளிவாசலில் விளக்குகளாயின. 1236 ஜூன் 29இல் மூன்றாம் பெர்தினாந்து அரசர் நகரைக் கைப்பற்றியதும் அம்மணிகள் மீண்டும் வடக்கே சென்றன. இம்முறை சுமந்தவர்கள் முஸ்லிம் கைதிகள். அந்த அரசரைத் திருச்சபை புனிதராக வணங்குகிறது. ஆனால் இந்த மணிகளின் கதையை வீரக்கதையாகச் சொல்ல நமக்கு மனம் ஒப்பவில்லை. தோள்கள் மாறின, சுமை மாறவில்லை. 850களில் இந்நகரில் உயிர்நீத்த மறைசாட்சிகளையும் மறந்துவிட்டு, மூன்று மறைகளும் ஓயாமல் கைகோத்து நடந்த பொற்காலம் என்று கொர்தோபாவைப் பாடுவோரோடும் நாம் சேர இயலாது.

வென்ற பெர்தினாந்து பள்ளிவாசலை இடிக்கவில்லை. தூய்மைச் சடங்குடன் ஆலயமாக நேர்ந்தளிக்கச் செய்தார். கொர்தோபாவின் மெய்யான புகழ் இங்கேதான் என்பது நம் எண்ணம். இதற்குப் பின் கிறிஸ்தவர் வசமான செவில்லா நகரில் 15ஆம் நூற்றாண்டில் பெரும்பள்ளி தகர்க்கப்பட்டு, அதன் இடத்தில் பேராலயம் எழுந்தது. மனாராவும் முற்றமுமே பெரிதும் மிஞ்சின. இங்கோ தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் அந்த வளைவுகளின் கீழேயே வேண்டினர். 1371இல் இரண்டாம் என்ரிக்கே மன்னர் தம் முன்னோரின் உடல்களுக்காக அரச சிற்றாலயத்தை முடித்தபோது, அதன் சுவர்களையும் கூரையையும் அலங்கரித்தது இஸ்லாமியக் கைவண்ணமே. சுதையில் செதுக்கிய பின்னல்களும், ஓட்டுப் பட்டைகளும், ஒன்றையொன்று வெட்டும் கூரை வளைவுகளும் கிரனாதாவின் அரண்மனையை நினைவூட்டுகின்றன. தொழுகைத் திசையைக் காட்டும் மாடத்துக்குக் கிறிஸ்தவப் பேரரசின் பதிகல். கிறிஸ்தவ மன்னரின் கல்லறைக்கு முஸ்லிம் மரபின் சுதை. இவ்விரண்டும் ஒரே கூடத்துள் நிற்கின்றன. வழிகாட்டிகள் அவற்றைத் தனித்தனியே காட்டிவிட்டு விரைகிறார்கள். நம்மைக் கேட்டால், இவ்விரண்டுக்கும் நடுவே அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாலே பயணம் பலித்தது.

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் சில தூண்வரிசைகள் அகற்றப்பட்டு ஒரு சிறு நடுக்கூடம் திறக்கப்பட்டது. 1523இல் ஆயர் அலோன்சோ மன்ரிக்கேயும் பேராலயக் குருக்கள் குழுவும் பெருங்கூடம் ஒன்றைப் பள்ளியின் நடுவிலேயே எழுப்பத் துணிந்தனர். நகர அவை எதிர்த்தது. இடிப்பு வேலையில் கைவைக்கும் தொழிலாளருக்கு மரணதண்டனை என்றுகூட அறிவித்தது. வழக்கு ஐந்தாம் சார்லஸ் மன்னரிடம் போயிற்று. அவர் குருக்களின் பக்கம் தீர்ப்பளித்தார். பின்னர் நேரில் கண்டபோது, எங்கும் காணக்கூடிய ஒன்றுக்காக உலகில் வேறெங்கும் இல்லாததை அழித்துவிட்டீர்களே என்று அவர் வருந்தியதாக ஒரு மரபுச் செய்தி உண்டு. அவர் அப்படிச் சொன்னாரோ இல்லையோ, அல்ஹம்பிரா அரண்மனைகளை ஒட்டித் தமக்கொரு மாளிகையைத் தூக்கி நிறுத்தியவரும் அவரேதான்.

குருக்களின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. திருப்பலி பார்வையால் பங்குகொள்ளும் வழிபாடு. கண்கள் பீடத்தை நாட வேண்டும். தூண்காடு அதற்கு இடந்தராது. தொழுகையோ வரிசை வரிசையாகத் தோளோடு தோள் நின்று செய்வது. அதற்குத் தூண்கள் தடையல்ல. ஹெர்னான் ரூயிஸ் தொடங்கி, மகனும் பேரனுமாக மூன்று தலைமுறையினர் வளர்த்து, 1607இல் முடிந்த அக்கூடம் தனியே நின்றிருந்தால் புகழத்தக்கதே. பழைய வளைவுகளை இயன்றவரை அதன் சுவர்களுக்குள் ஏற்றுக்கொண்ட பக்குவமும் அவர்களிடம் இருந்தது. பேத்ரோ துக்கே கொர்னேகோ 18ஆம் நூற்றாண்டின் நடுவில் செதுக்கிய பாடற்குழு இருக்கைகள் அந்நாட்டு மரச்சிற்பத்தின் பெருமைகளுள் ஒன்று. குறை வேறிடத்தில். பள்ளியின் ஒளி முன்பு முற்றத்தின் ஆரஞ்சு மரங்களிடையிலிருந்து பக்கவாட்டில் தவழ்ந்து வந்தது. முற்றத்தை நோக்கிய வளைவுகள் பலவும் அடைபட்டதால் அவ்வொளி அவிந்தது. புதுக்கூடமோ உயரத்திலிருந்து ஒளியைக் கொட்டுகிறது. வெளியிலிருந்து நோக்கினால் தாழ்ந்து பரந்த கூரைகளின் நடுவே அது ஒரு கப்பல் தரைதட்டி நிற்பதுபோல் இருக்கிறது. பேராலயமாக்கியதால்தான் பள்ளிவாசல் பிழைத்தது என்பார்கள். 1236ஐப் பொறுத்தவரை அது உண்மை. 1523க்கு அவ்வாதம் பொருந்தாது.

யுனெஸ்கோ 1984இல் இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2006இல் மறைமாவட்டம் கட்டடத்தைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டதிலிருந்து உரிமை வழக்கு பத்திரிகைகளில் புகைந்தபடி இருக்கிறது. அது சட்டத்தின் பாடு. நம்மை உறுத்துவது பெயர். சில ஆண்டுகள் பார்வையாளர் சிற்றேடுகளில் ‘பள்ளிவாசல்’ என்ற சொல் பின்னொதுங்கி, ‘பேராலயம்’ மட்டுமே முன்னின்றது. எதிர்ப்பு எழுந்தபின் 2016இல் ‘மெஸ்கீத்தா-பேராலயம்’ என்ற இணைப்பெயர் மீண்டது. முஸ்லிம்கள் அங்கே தொழ இன்றும் அனுமதி இல்லை. 2020 ஜூலையில் இஸ்தான்புல் நகரின் ஹாகியா சோபியா மீண்டும் பள்ளிவாசலாக அறிவிக்கப்பட்டபோது, தம் வேதனையைத் திருத்தந்தை பிரான்சிஸ் வெளிப்படையாகவே சொன்னார்; நம் பங்குகளிலும் பலர் வருந்தினர். அந்த வருத்தம் மெய்யானதாயின், கொர்தோபாவில் ஒரு முஸ்லிம் பயணி மிஹ்ராபின் முன் கம்பித் தடுப்புக்கு அப்பால் நின்று என்ன உணர்வார் என்பதை நாம் வேறெவரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை.

முற்றத்துக்கு வந்து மணிக்கோபுரத்தையும் பாருங்கள். மூன்றாம் அப்துர் ரஹ்மான் 10ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மனாரா, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் புயலால் சிதைந்தது. மூன்றாம் ஹெர்னான் ரூயிஸ் அதனை அடியோடு அகற்றாமல், சுற்றிலும் புதுச்சுவர் எழுப்பி அதன் உடலைக் கோபுரத்தின் வயிற்றுக்குள் வைத்துக் கட்டினார். மணியடிக்கும் இடத்துக்கு ஏறிச் செல்பவர்கள், முன்பு தொழுகைக்கு அழைத்தவர் ஏறிய பழங்கற்களை இன்றும் அங்கே காணலாம்.