பொம்மைக்காரர்களின் கோட்டை

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் யாராவது நாட்டிங்ஹாம் வந்தால், கோட்டை பார்க்க வேண்டும், ராபின் ஹூட் சிலையோடு படம் எடுக்க வேண்டும் என்பார்கள். எடுக்கட்டும். அதைச் சீக்கிரம் முடித்துவிட்டு நான் அவர்களை லெண்டன் பகுதியில் இருக்கும் வில்லோ சாலைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவேன். கிடங்குகளும் தொழிற்கூடங்களுமாக இருக்கிற சாலை. அங்கே ஒரு கட்டிட வாசலில், தலையைவிடப் பெரிய தோள்கவசம் போட்ட ராட்சத வீரன் ஒருவன் சிலையாக நிற்பான். கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனத்தின் தலைமையகம் அது. வார்ஹாமர் என்னும் விளையாட்டின் திருத்தலம் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

பக்கத்தில் இருக்கிற பெரிய மருத்துவமனையில் நான் நர்ஸ். வயது நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. போர் விளையாட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். வண்ணம் பூசத்தான் முதலில் போனேன். அப்புறம் அந்த மனிதர்கள் பிடித்துப்போனார்கள். விளையாட்டு கடைசியாக வந்து ஒட்டிக்கொண்டது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வீரர்கள் எல்லாம் விரல் உயரப் பிளாஸ்டிக் பொம்மைகள். கை, கால், தலை, துப்பாக்கி எனத் தனித்தனித் துண்டுகளாக ஒரு சட்டத்தில் கோத்து வரும். நறுக்கி எடுத்து, பிசிறு சுரண்டி, ஒட்டி, வண்ணம் தீட்டி ஒரு படையாகச் சேர்க்க வேண்டும். பிறகு இன்னொருவர் படைக்கு எதிரே மேசைமேல் நிறுத்தி, டேப் வைத்து இன்ச் கணக்கில் நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை. 1983-இல் வந்த முதல் வார்ஹாமர் குள்ளர்களும் பூதங்களும் வாழும் பழங்கால மாய உலகம். 1987-இல் ரிக் பிரீஸ்ட்லி எழுதிய வார்ஹாமர் 40,000 அதையெல்லாம் விண்வெளிக்குத் தூக்கிப் போனது. அதில் ஆர்க்குகள் என்று ஒரு பச்சை நிறக் கூட்டம் உண்டு. இங்கிலாந்தின் கால்பந்து ரவுடிகளைப் போலவே பேசுவார்கள். சிவப்புச் சாயம் அடித்தால் வண்டி வேகமாக ஓடும் என்று உறுதியாக நம்புவார்கள். அவர்கள் நம்புவதாலேயே அது ஓடவும் செய்யும். நம் ஊர் மினி பஸ் ஓட்டுநர்கள் சிலரிடம் இந்தக் கொள்கையை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த நிறுவனத்தில் எனக்குப் பைத்தியம் பிடிக்கக் காரணம் ஒன்றுதான். இங்கே சம்பளம் வாங்குகிறவரும், காசு கொடுத்து வாங்க வருகிறவரும் ஒரே சாதி. கல்லாவின் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். விற்கிறவர் வீட்டிலும் பாதி பூசிய படை ஒன்று காத்திருக்கும்.

கடைக்குப் போனால் இது உடனே புரியும். உலகம் முழுக்க 500-க்கு மேல் சொந்தக் கடைகள் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் ஒரே ஓர் ஆள்தான் வேலை. கதவைத் திறப்பது, கூட்டிப் பெருக்குவது, கணக்குப் பார்ப்பது, கற்றுக்கொடுப்பது எல்லாம் அவரே. நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகாமல் சும்மா எட்டிப் பார்த்தவளை, இந்த ஊர் வழக்கப்படி செல்லமாக ‘டக்’ என்று கூப்பிட்டு உட்காரவைத்தார் கடைக்காரர். ஒரு பொம்மையையும் பிரஷையும் இலவசமாகக் கையில் கொடுத்தார். முதலில் அடிப்பூச்சு. காய்ந்ததும் நீர்த்த கறுப்புக் கலவை ஒன்றை மேலே ஓடவிட்டால் அது மடிப்புகளில் போய்த் தேங்கி நிழலாகிறது. பிறகு, ஏறக்குறைய உலர்ந்த பிரஷால் விளிம்புகளை மட்டும் வருட வேண்டும். அவ்வளவுதான், செத்துக் கிடந்த சாம்பல் பிளாஸ்டிக்குக்கு மூக்கும் முழியும் வந்துவிட்டது! அந்தக் கறுப்புக் கலவைக்கு நல்ன் ஆயில் என்று பெயர். திறமையைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். கேலியில்லை, நிஜம். கெட்டியாக ஒரு பூச்சு அடிக்காதே, மெல்லிசாக இரண்டு பூச்சு அடி என்பது இங்கே மந்திரம். இவர்களுடைய பயிற்சி வீடியோக்களில் வந்த டங்கன் ரோட்ஸ் அதைச் சொல்லிச் சொல்லியே உலகப் புகழ் பெற்றார்.

அன்று அந்தக் கடைக்காரர் என்னிடம் எதையும் வாங்கச் சொல்லவில்லை. நானாகத்தான் வாங்கினேன். சம்பள நாளாகவும் இருந்து தொலைத்தது. இந்தப் பொழுதுபோக்கு மலிவானதல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். அம்மாவிடம் போனில் விலையைச் சொன்னபோது ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம், “ஏண்டி, கொலுவுக்கு வாங்கினாலும் புண்ணியம் உண்டு. இது எதுக்குடி?” என்றாள்.

டாம் கர்பி என்பவர் இந்த நிறுவனத்தை நெடுங்காலம் நடத்தினார். ஆளெடுக்கும்போது குணத்தைப் பார், தொழிலைக் கற்றுக்கொடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கொள்கை. பங்குதாரர்களுக்கான ஆண்டறிக்கையில் அவர் எழுதிய முன்னுரைகளைத் தேடிப் படித்தேன்; நக்கலும் பிடிவாதமுமாக இருக்கும். உலகின் மிகச் சிறந்த கற்பனைப் பொம்மைகளைச் செய்வோம், லாபத்தோடு விற்போம், இதை என்றென்றைக்கும் செய்துகொண்டே இருப்போம் என்பதைக் கம்பெனியின் குறிக்கோளாகவே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அடுத்த காலாண்டைத் தாண்டி யோசிக்காத உலகத்தில் இப்படிப் பேச ஒரு தெனாவட்டு வேண்டும்.

தொடக்கத்தில் அந்தத் தெனாவட்டு தவிர வேறு முதலே இல்லை. 1975-இல் லண்டனில் ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன், ஜான் பீக் என்று மூன்று நண்பர்கள். பீக் மரப்பலகையில் பேக்கேமன் போன்ற ஆட்டங்களுக்குக் கையால் பலகை செய்வார். மற்ற இருவரும் விற்பார்கள். பிறகு அமெரிக்காவிலிருந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை வரவழைத்து ஐரோப்பாவில் விற்கும் உரிமையைப் பிடித்தார்கள். வீட்டை இழந்து, ஜாக்சனும் லிவிங்ஸ்டனும் சில மாதம் ஒரு வேனில் தூங்கினார்கள். குளிப்பதற்காகவே ஒரு ஸ்குவாஷ் கிளப்பில் உறுப்பினர் ஆனார்கள்! அவர்களுடைய ஒயிட் டுவார்ஃப் பத்திரிகை 1977-இல் தொடங்கியது. முதல் கடை 1978-இல் ஹேமர்ஸ்மித்தில் திறந்தது. பிரையன் ஆன்செல் என்பவரோடு சேர்ந்து ஆரம்பித்த சிட்டடெல் பொம்மைத் தொழில்தான் எல்லாவற்றையும் நாட்டிங்ஹாம் பக்கம் இழுத்து வந்தது. இப்போதும் பொம்மைகள் அச்சாவது இங்கேதான். மலிவான கூலி தேடி எங்கெங்கோ ஓடாமல், வரைகிறவர், செதுக்குகிறவர், அச்சு வெட்டுகிறவர் எல்லோரும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறார்கள்.

2024 டிசம்பரில் இந்தப் பொம்மைக் கம்பெனி லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களுக்குள் போய் உட்கார்ந்தது. வங்கி, எண்ணெய், மருந்துக் கம்பெனிகளுக்கு நடுவே ஆர்க்கு! வார்டில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன், ஏதோ என் பிள்ளை ரேங்க் வாங்கிய மாதிரி. அதைவிட என்னை அசரவைத்தது லாபப் பங்கு. 2024-இல் முடிந்த நிதியாண்டுக்கு 1 கோடியே 80 லட்சம் பவுண்டையும் அடுத்த ஆண்டுக்கு 2 கோடி பவுண்டையும் ஊழியர்களுக்கு ஒதுக்கினார்கள். பதவிக்குத் தகுந்த சதவீதம் என்ற பேச்சில்லை, தலைக்குச் சமமாக. பெட்டி அடுக்குகிறவருக்கும் பிரபலச் சிற்பிக்கும் ஒரே தொகை. நான் வேலை பார்த்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீபாவளிக்கு அரைக் கிலோ இனிப்புப் பெட்டியைக்கூட கிரேடு பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

சரி, உள்ளே வாருங்கள். தலைமையகத்தோடு ஒட்டியே வார்ஹாமர் வேர்ல்டு இருக்கிறது. விளையாட்டுக் கூடம் கோட்டை முற்றம் மாதிரி கட்டப்பட்டது; நீள நீளமாக மேசைகள், அவற்றின் மேல் இடிந்த தேவாலயங்கள், பனிமலைகள், தொழிற்சாலைகள். இந்தக் கூடத்துக்குக் கட்டணம் இல்லை; கண்காட்சிக்கு மட்டும் டிக்கெட். கண்காட்சியில் ஓர் அறையை அடைத்து நிற்கிற போர்க்களக் காட்சி ஒன்று இருக்கிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஆயிரக்கணக்கான பொம்மைகளைப் பார்க்கும்போது, ஒவ்வொன்றின் கண்ணிலும் யாரோ ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு புள்ளி வைத்திருக்கிறார் என்று தோன்றும். ஒரு கண்ணுக்கு நான் படுகிற பாடு எனக்குத் தெரியும். ஊசி போடும் கை நடுங்கியதே இல்லை, அங்கே நடுங்குகிறது.

கூடத்தை ஒட்டி பக்மேன்ஸ் என்ற சாராயக் கடை. மன்னிக்கவும், பார். கதையில் வரும் குள்ளர் இனத்து மது வடிப்பாளன் ஒருவன் பெயரை வைத்திருக்கிறார்கள். மதிய வேளையில் அங்கே உட்கார்ந்து பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஊழியர்கள் சாப்பிட வருவார்கள். அடுத்த மேசையில் ஒரு பையன் தன் டிராகனை வெளியே எடுத்தால் போதும், தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்து குனிவார்கள். “இந்தச் செதிலுக்கு என்ன கலர் கலந்தாய்?” அவ்வளவு மரியாதையான கேள்வி. பையனுக்குத் தான் பேசுவது யாரோடு என்றே தெரியாது. பெரிய பெரிய டாக்டர்கள் ஜூனியர்களிடம் இப்படிக் கேள்வி கேட்டுக் கற்றுக்கொள்வதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒயிட் டுவார்ஃபின் பழைய இதழ்களைப் புரட்டினால் இதே குணம் தெரியும். ஊழியர்களே மாதம் இவ்வளவுதான் செலவு என்று வரம்பு போட்டுக்கொண்டு படை சேர்ப்பார்கள், ஒருவரையொருவர் தோற்கடிப்பார்கள், தோற்றவர் பொருமுவதையும் அச்சில் போடுவார்கள். நிறுவனத்தின் புத்தகப் பிரிவான பிளாக் லைப்ரரிக்கும் எடுத்ததை விடாத இதே பைத்தியம்தான். 2006-இல் டான் ஆப்நெட் நாவலோடு தொடங்கிய ஹோரஸ் ஹெரசி வரிசை 60 புத்தகங்களுக்கு மேல் நீண்டு 2024-இல்தான் முடிந்தது. நான் எட்டாவதில் மூச்சு வாங்கி நிற்கிறேன்.

எல்லாம் தேனும் பாலும்தானா? இல்லை. 2015-இல் பழைய மாய உலகத்தைக் கதைப்படியே அழித்துப் புதிய ஒன்றைக் கொண்டு வந்தபோது, ஒருவர் கோபத்தில் தன் படைக்குத் தீவைத்து வீடியோ எடுத்துப் போட்டார். மற்றவர்கள் அதைவிட அழகான எதிர்ப்பைச் செய்தார்கள்: பழைய விதிகளை வைத்துக்கொண்டு விடாமல் ஆடினார்கள். 2024 ஜனவரியில் அந்தப் பழைய உலகமே மறுபடி விற்பனைக்கு வந்தது. ரிக் பிரீஸ்ட்லியே 2010-இல் விலகினார். விலகியவர் எங்கே போனார் என்று பாருங்கள், அதுதான் வேடிக்கை. இங்கே வேலை பார்த்தவர்கள் பிரிந்து போய் இதே வட்டாரத்தில் புதுக் கடை போடுவது வழக்கமாகிவிட்டது. 2007-இல் வார்லார்ட் கேம்ஸ், அடுத்த ஆண்டு மாண்டிக். அந்த வார்லார்டுக்கு விதி எழுதியவர்களில் பிரீஸ்ட்லியும் ஒருவர். பொம்மைகள் ஈயத்தில் வார்க்கப்பட்ட காலத்தை நினைத்து இந்தப் பகுதிக்கு ஈயப் பட்டை என்றே பெயர். இதே பட்டையில் பெரி சகோதரர்கள் என்று இரட்டையர் உண்டு. பல ஆண்டுகள் இங்கே பொம்மை செதுக்கியவர்கள். பழைய போர் ஒன்றை நடித்துக்காட்டும் நிகழ்ச்சியில் பீரங்கி விபத்தில் மைக்கேல் பெரியின் வலது கை போய்விட்டது. இடது கையால் செதுக்கப் பழகிக்கொண்டு இன்றும் செய்கிறார். விபத்துக்குப் பின் கைப்பயிற்சிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் நோயாளிகளிடம் நான் இவர் கதையைத்தான் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். கடைசியில் பொம்மைப் படத்தைக் காட்டச் சொல்வார்கள்.

என் நிறத்தில், என் வயதில், சுரிதாரோடு நடு மேசையில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. 2020 ஜூனில் நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது: வார்ஹாமர் எல்லோருக்கும் ஆனது, அது பிடிக்காதவர்கள் போகலாம், அவர்களைத் தேட மாட்டோம் என்று. அறிக்கை யார் வேண்டுமானாலும் விடலாம்தான். ஆனால் என் முதல் ஆட்டத்தில் எதிரே அமர்ந்த தாடிக்காரர், நான் பகடையை எண்ணத் தடுமாறியபோது, தன் படைக்குப் பாதகமான விதியைத் தானே எடுத்துச் சொல்லி என்னை ஜெயிக்கவைக்கப் பார்த்தார். அப்படியும் நான் தோற்றேன்.

இப்போது என் மகளையும் இழுத்துவிட்டேன். அவள் பள்ளியில் வார்ஹாமர் குழு இருக்கிறது. இப்படிப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் குழு தொடங்குகிறவர்களுக்கு நிறுவனமே பொம்மைகளும் வண்ணமும் அனுப்பி உதவுகிறது. இங்கே பிள்ளைகள் உயிரை விட்டுச் செய்கிற எடின்பரோ கோமகன் விருதில், திறன் பிரிவுக்கு இந்த வண்ணப் பூச்சையே கணக்குக் காட்டலாம். மாதக்கணக்கில் என் பிரஷையும் என் நல்ன் ஆயிலையும் காலி செய்து, வெண்கல நிலைக்கான அந்தப் பகுதியை அவள் முடித்தே விட்டாள். பூதங்கள் அவளுக்கு என்னைவிட நன்றாக வருகின்றன என்பதை இந்த வீட்டில் யாரிடமும் சொல்லப்போவதில்லை. நானும் அந்த விருதுக்கு விண்ணப்பிக்கலாமா என்று விசாரித்துப் பார்த்தேன். 25 வயதுக்கு மேல் கிடையாதாம்.